17 மி.மீ. நட்டு: ஆயில் ஃபில்டரோடு மூன்று ஆண்டுகள்

பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றைப் புதிதாக வாங்கியிருக்கும் நண்பர் கேட்டார்: "இதற்கு எந்த ஆயில் ஃபில்டர் போடலாம்?" ஒரே வரியில் சொல்லிவிட வேண்டிய பதில்தான். ஆனால் அவர் கேட்ட நேரம் சரியில்லை. நான் அப்போது சைலன்சர் குழாயில் தீய்ந்து ஒட்டிக்கொண்ட ஆயிலைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். பதிலுக்குப் பதிலாக அவருக்குப் புலம்பல் கிடைத்தது. சூடு கொஞ்சம் தணிந்திருப்பதால் அதையே இங்கே ஒழுங்காகச் சொல்லப் பார்க்கிறேன்.

என் வண்டியில் இருப்பது வெளியில் தெரியும்படி திருகிப் பொருத்தும் டப்பா வகை. மூடியைக் கழற்றிக் காகித உருளையை மட்டும் மாற்றும் வகைக்காரர்களின் துயரம் வேறு. அடைத்த முனை எது, திறந்த முனை எது என்று பார்க்காமல் திருப்பிப் போட்டால் ஆயில் போகும் வழியே அடைபடும். அதை அவர்களே எழுதட்டும்.

மூன்று ஆண்டுகளில் ஏழு ஃபில்டர்கள் போட்டிருக்கிறேன். முதலாவது, வண்டியைச் செய்தவர்களே தருவது. இரண்டாவது, சிக்கனம் பார்த்து வாங்கிய மலிவுச் சரக்கு. மற்ற ஐந்தும் அடிப்பக்கத்தில் 17 மி.மீ. நட்டு ஒட்டவைத்த உயர்ரகம். என் காதலும் கோபமும் அந்த நட்டின் மேல்தான்.

மலிவுச் சரக்கை ஏன் விட்டேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் என்ஜினில் ஃபில்டர் படுத்த நிலையில் இருக்கிறது. என்ஜினை அணைத்தபின் ஃபில்டருக்குள் இருக்கும் ஆயில் வழிந்து கீழே இறங்கிவிடாமல் தடுக்க, வாய்க்கு உட்புறம் ரப்பர் மடல் ஒன்று இருக்கும். இரண்டு மாதம் அது ஒழுங்காக வேலை செய்தது. பிறகு ஒவ்வொரு நாள் காலையும் ஸ்டார்ட் செய்தவுடன் தகர டப்பாவில் கோலிக்குண்டுகளை உருட்டுவதுபோல் ஒரு சத்தம். மூன்று விநாடிதான். ஆயில் மேலே ஏறியதும் அடங்கிவிடும். ஆனால் அந்த மூன்று விநாடியும் என் பல்லில் அரைபடுவதுபோல் இருக்கும். கழற்றிப் பார்த்தால் மடல் வெந்து, காய்ந்த தோல்போல் விறைத்திருந்தது. சாதாரண நைட்ரைல் ரப்பர் சூட்டில் நாளடைவில் இறுகும். சிலிக்கோன் மடல் அதைவிட நெடுநாள் மென்மையாகவே இருக்கும். கடையில் ஃபில்டர் வாய்க்குள் விரல் விட்டு அந்த மடலைத் தொட்டுப் பார்க்கும் பழக்கம் எனக்கு அன்றைக்கு வந்தது. கடைக்காரர்கள் ஒரு மாதிரிதான் பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.

கழற்றிய ஃபில்டரை அறுத்துப் பார்க்கும் பழக்கமும் அப்போது தொற்றியதுதான். முதல் தடவை இரும்பு ரம்பத்தால் அறுத்தேன். காகித மடிப்புகளுக்கிடையே பளபளவென்று உலோகத் துகள். என்ஜின் போயே போய்விட்டது என்று அன்றிரவு தூக்கம் வரவில்லை. மறுநாள்தான் உறைத்தது, அது ரம்பம் உதிர்த்த தூள். இப்போது குழாய் வெட்டும் கருவியைச் சுற்றிச் சுற்றித் திருகி வெட்டுகிறேன், துகள் விழாது. உள்ளே பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது. பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் என்ஜின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே ஆயிலில்தான் குளிக்கின்றன. அதனால் கிளட்ச் தட்டுகளின் நார்த்தூள் கருப்புச் சேறாக மடிப்புகளில் படிந்திருக்கும். கியர் பல்லின் இரும்பை ஒரு காந்தம் இழுத்துக் காட்டிவிடும்; அலுமினியம் காந்தத்துக்கு அசையாது. மலிவு ஃபில்டரில் மடிப்புகள் எண்ணிக்கையிலும் குறைவு. ஓரிடத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. நட்டு வைத்ததில் விசிறி மடித்ததுபோல் ஒரே சீர், இரு முனையிலும் உலோக வட்டு. இந்த விஷயத்தில் அதைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது.

பெட்டியில் போட்டிருக்கும் மைக்ரான் கணக்கை (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) மட்டும் வைத்து யாரும் முடிவு செய்ய வேண்டாம். "10 மைக்ரான்" என்றால், அந்த அளவுள்ள துகளில் பாதியைப் பிடிக்கிறதா, நூற்றுக்கு 98ஐப் பிடிக்கிறதா? அதைச் சொல்லாத எண்ணுக்கு விளம்பரத்தைத் தாண்டி மதிப்பில்லை.

இனி நட்டு. டப்பா ஃபில்டரைக் கழற்றியவர்களுக்குத் தெரியும்: ஆயில் பட்ட கை வழுக்கும், பக்கத்தில் சூடான குழாய், பிடிக்க இடமிருக்காது. அந்த இடத்தில் ஒரு நட்டு இருந்தால், ஸ்பேனரை மாட்டிக் கால் திருப்பு, அவ்வளவுதான். முதல் முறை கழற்றியபோது சிரித்தே விட்டேன். நட்டில் குறுக்காக ஒரு சிறு துளையும் உண்டு. பந்தய வண்டிகளில் ஃபில்டர் அதிர்வில் கழன்றுவிடாமல் கம்பி கோத்துக் கட்டுவதற்கு. என் வண்டி பந்தயம் எதையும் கண்டதில்லை. இருந்தாலும் அந்தத் துளையைப் பார்த்தால் ஒரு பெருமிதம்.

அந்த நட்டு கழற்றுவதற்கு மட்டும்தான். பூட்டும்போது, ஆயில் கசியாமல் ஃபில்டர் வாயைச் சுற்றி அடைக்கும் ரப்பர் வளையமான கேஸ்கெட்டில் கொஞ்சம் ஆயில் தடவி, கையால் திருகி, கேஸ்கெட் தொட்டபின் முக்கால் சுற்று. டப்பாவிலேயே அச்சிட்டிருக்கிறார்கள், எறும்பு அளவு எழுத்தில். நட்டின் புகழ் மட்டும் பெட்டியின் முகப்பில் கொட்டை எழுத்தில் இருக்கிறது. ஸ்பேனர் பிடித்துப் பழகிய கையின் முன் ஒரு நட்டை நீட்டிவிட்டு, "இறுக்காதே" என்று பொடி எழுத்தில் சொன்னால் யார் கேட்பார்கள்?

ஆறாவது ஃபில்டரை நேரமில்லாமல் ஒரு பட்டறையில் மாற்றக் கொடுத்தேன். அங்கே கேட்கவில்லை. ஸ்பேனரால் முறுக்கியிருக்கிறார்கள். போன வாரம் அதைக் கழற்ற உட்கார்ந்தேன். முதலில் நட்டின் முனைகள் மழுங்கின. மெல்லிய தகடுதானே, அதற்கு மேல் என்ன தாங்கும்? பிறகு டப்பாவின் அடி சுருங்கியது, ஃபில்டர் அசையவில்லை. கடைசியில் பெல்ட் ஸ்பேனரைச் சுற்றி இழுத்து, முழங்கையைச் சட்டத்தில் இடித்துக்கொண்டு கழற்றினேன். அந்த எரிச்சலில், கழன்ற ஃபில்டரின் வாயைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அதில் கேஸ்கெட் இல்லை என்பது தெரிந்திருக்கும். அது என்ஜின் முகத்திலேயே அப்பிக்கொண்டிருந்தது, அதே கருப்பு நிறத்தில். அதன்மேல் புதியதைத் திருகினேன். கேஸ்கெட்டின் மேல் கேஸ்கெட். ஸ்டார்ட் செய்தேன், இரண்டு விநாடி அமைதி, பிறகு இரண்டுக்கும் நடுவிலிருந்து ஆயில் பீறிட்டு, சூடேறத் தொடங்கிய குழாயில் கொட்டியது. ஒரே புகை. வண்டி நின்ற இடத்தில் நடந்ததால் துடைக்கும் வேலையோடு போயிற்று. ஓடும்போது என்றால் அதே ஆயில் பின்சக்கரத்துக்கு அடியில் போயிருக்கும்.

நியாயமாகப் பார்த்தால் தவறு இரண்டு: பட்டறையில் முறுக்கியது ஒன்று, நான் பார்க்காமல் விட்டது இன்னொன்று. நட்டின் மேல் குற்றமில்லை. எனக்கு இது நன்றாகத் தெரியும். ஆனாலும் நட்டே இல்லாமல் மொழுக்கென்று இருந்திருந்தால் அந்தக் கை முறுக்கியிருக்குமா என்ற கேள்வியை என்னால் விட முடியவில்லை.

புலம்பலின் நடுவே நண்பர் ஒன்று சொன்னார்: அவரிடம் சும்மா கிடக்கும் கார் ஃபில்டர் ஒன்று தன் வண்டியில் கச்சிதமாகப் பூட்டுகிறதாம். உடனே கழற்றச் சொன்னேன். பூட்டுவது வேறு, பொருந்துவது வேறு. மோட்டார் சைக்கிள் ஃபில்டர்களில் பரவலாக இருப்பது 20 மி.மீ. விட்டமும் 1.5 மி.மீ. இடைவெளியும் உள்ள மரை. பல கார் ஃபில்டர்களில் முக்கால் அங்குலம், அங்குலத்துக்கு 16 மரை, அதாவது 19.05 மி.மீ. இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். ஒன்றின் மேல் மற்றது ஏறுவதுபோல் ஏறி, இறுகுவதுபோல் இறுகி, ஓட்டத்தில் கழன்றால் என்ன ஆகும்? போதாததற்கு, காகிதம் அடைபட்டால் ஆயிலை மாற்று வழியில் விடும் பைபாஸ் வால்வு சில என்ஜின்களில் ஃபில்டருக்குள் இருக்கும், சிலவற்றில் என்ஜினுக்குள்ளேயே இருக்கும். எந்த அழுத்தத்தில் அது திறக்க வேண்டும் என்பதும் வண்டிக்கு வண்டி மாறும். அளவு சரியாக இருக்கிறது என்பதற்காக அதைப் பூட்டக் கூடாது.

கடைசியில் அவருக்குச் சொன்ன பதில் இதுதான்: வண்டிக் கையேட்டில் போட்டிருக்கும் எண்ணைப் பார்த்து, வண்டியைச் செய்தவர்களே தரும் மொழுக்கை ஃபில்டரை வாங்குங்கள். நட்டு வேண்டாம். அதன் பக்கமே போகாதீர்கள்.

என் வண்டியில் இப்போது இருப்பது நட்டு வைத்த ஏழாவதுதான். பழைய கேஸ்கெட்டை நகத்தால் உரித்து, முகத்தைத் துணியால் துடைத்து, கையால் முக்கால் சுற்று திருகினேன். ஃபில்டர் கழன்றால் தெரியும்படி, டப்பாவிலிருந்து என்ஜின்வரை வெள்ளைப் பெயிண்டில் ஒரு கோடு இழுத்திருக்கிறேன். நட்டின் மேல் அதே பெயிண்டில் "கையால் மட்டும்" என்று எழுத முயன்றேன். இடம் போதாமல் "கை" மட்டும் நிற்கிறது. இன்று காலையும் குனிந்து பார்த்தேன். கோடு நகரவில்லை.