டிரினிடாட் செவ்ரானா, இந்தியன் ஆர்னமென்டலா? பெட்டியைத் தொறக்குறப்போ தெரியும்

ரெண்டுமே வீட்டுல பெட்டிக்குள்ள வளர்க்குற டரான்டுலா, அதாவது பெரிய ரோமச் சிலந்தி வகை. அழகுன்னு பாத்தா ரெகாலிஸ்தான் (இந்தியன் ஆர்னமென்டல்), அதுல சண்டையே இல்ல. மரப்பட்டை மேல கோலம் போட்ட மாதிரி சாம்பல், கருப்பு, வெள்ளை, முன்காலைத் தூக்கி மொறைச்சா அடியில பளிச்சுன்னு மஞ்சள். ஆனா நான் வாங்குனது டிரினிடாட் செவ்ரான், அதாவது கேம்ப்ரிட்ஜி. மூணு வருஷமா ஒரு பொண்ணு இருக்கா. ரெகாலிஸ், நண்பன் வெளியூர் போனப்போ நாலு மாசம் பாத்துக்கிட்டது மட்டும்தான், அதனால அந்தப் பக்கம் நான் சொல்றதைக் கொஞ்சம் கழிச்சே எடுத்துக்கோங்க.

தீனி, தண்ணி, உயரமான பெட்டி, சாய்ச்சு வெச்ச கார்க் பட்டை, பக்கவாட்டுல காத்து ஓட்டை, எல்லாம் ரெண்டுக்கும் ஒண்ணுதான். ரெண்டுமே கடகடன்னு வளரும், ரெண்டுமே மின்னல் வேகம்.

என்னை முடிவு பண்ண வெச்சது வேற. எப்படியும் பெட்டியைத் தொறந்துதான் ஆகணும், தின்னு போட்ட கரப்பான் மிச்சத்தை எடுக்கணும், தண்ணி ஊத்தணும், வளர வளர வீடு மாத்தணும். அமெரிக்கக் கண்டத்து டரான்டுலா நிறைய, வயித்துல இருக்குற அரிப்பு முடியை உதறிவிட்டுத் தப்பிக்கும். கேம்ப்ரிட்ஜி அந்தப் பக்கத்து ஆளா இருந்தும் அதுக்கு அந்த முடி கிடையாது, ரெகாலிஸுக்கும் கிடையாது. ஆக ஓட்டம், இல்லன்னா கடி.

என் பொண்ணு பட்டைக்குப் பின்னாடி மண்ணையும் வலையையும் குழைச்சுக் குழாய் மாதிரி கட்டி வெச்சிருக்கா. கதவை லேசா தட்டுனா சர்ர்ருன்னு அதுக்குள்ள போயிடுவா, டார்ச் அடிச்சு கால் நுனி ஆரஞ்சுக் கோடு தெரியுதான்னு பாத்துட்டுத்தான் நீள இடுக்கியை உள்ள விடுவேன். போன தடவை வீடு மாத்துனப்போ அந்தக் குழாயோட ரெண்டு வாயையும் பஞ்சு வெச்சு அடைச்சு, பட்டையோட அப்படியே தூக்கிப் புதுப் பெட்டியில வெச்சுட்டேன், அவ முகத்தைக்கூட பாக்கல. (முதல் தடவை செவுத்துல ஏறி ஓடுனா, அதை விடுங்க.) ரெகாலிஸ் அவ்ளோ வலை கட்டல, தட்டையா பட்டையோட ஒட்டிக்கிட்டு எதிர்லயே உக்காந்திருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. ஒருநாள் உள்பக்கம்தான் இருக்குன்னு நெனச்சு தொறக்கப் போறேன், கதவு ஓரத்துலயே ஒரு கால். அன்னிக்குத் தண்ணி ஊத்தல.

கடி விஷயத்துல ரெண்டும் சாது இல்ல. கேம்ப்ரிட்ஜி விஷத்துல, மிளகாய்க் காரம் போய்த் தொடுற அதே நரம்பு ஏற்பியைத் தூண்டுற பொருள் இருக்குன்னு 2006ல கண்டுபிடிச்சாங்க, அப்போ எரிச்சல் எப்படி இருக்கும்னு யோசிச்சுக்கோங்க. ரெகாலிஸ் வகையறா கடிச்சா தசைப்பிடிப்பு நாள்கணக்குல, சிலருக்கு வாரக்கணக்குல விட்டு விட்டு வரும். நல்லவேளை ரெண்டுகிட்டயும் இன்னும் வாங்கல.

இன்னொண்ணு, ரெகாலிஸோட மொத்தப் பேரினமும் 2019ல சைட்டீஸ் (காட்டு உயிர்களோட சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்துற ஒப்பந்தம்) இரண்டாம் பட்டியலுக்குப் போயிடுச்சு, நாடு விட்டு நாடு போகணும்னா அனுமதிச் சீட்டு வேணும். காட்டுல புடிச்சதைத் தொடவே தொடாதீங்க.

நண்பன் திரும்பி வந்து பெட்டியைத் தூக்குனப்போ அது எங்க இருக்குன்னு கேட்டான். ரெண்டு பேரும் பத்து நிமிஷம் டார்ச் அடிச்சுத் தேடுனோம்.