யோஷிதா ஹிரோஷி மர அச்சு: ஜிசூரி முத்திரையுள்ளதா, பிற்காலப் பதிப்பா?

யோஷிதா ஹிரோஷி ஜப்பானிய ஓவியர்; மரப்பலகையில் செதுக்கி அச்சிடும் அவருடைய படங்கள் இரண்டு வகையாகக் கிடைக்கும்: அவர் முத்திரையுள்ள ஜிசூரி, அவர் இறந்த பிறகு அச்சானவை. இரண்டிலும் அதே மலை, அதே படகு. விலையில் மட்டும் பெரிய வித்தியாசம். எதை வாங்குவது என்று குழம்புபவர்கள் முதலில் ஓரத்தைப் பாருங்கள்.

முத்திரை
ஜிசூரி: பெரும்பாலும் இடது ஓரத்தில் 自摺 என்ற இரண்டு எழுத்துகள். ஹிரோஷியின் மேற்பார்வையில் அச்சானது என்று பொருள்.
பிற்காலம்: 1950இல் அவர் இறந்த பிறகு குடும்பத்தார் அச்சிட்டவை. அந்த முத்திரை இருக்காது.

கையெழுத்து
ஜிசூரி: பெரும்பாலும் கீழ் ஓரத்தில் பென்சிலில் ஆங்கிலக் கையெழுத்து. பூதக்கண்ணாடியில் பார்த்தால் பென்சில் தூள் காகித நாரின் மேல் மினுமினுக்கும், அழுத்தம் கூடிக் குறையும்.
பிற்காலம்: கையெழுத்தும் அச்சுதான். கோடு முழுக்க ஒரே கருமை.

பென்சிலை மட்டும் நம்பாதீர்கள்; பின்னால் யாரும் எழுதிவிடலாம். முத்திரை இல்லையென்றால் உடனே ஒதுக்கவும் வேண்டாம். 1925இல் சொந்தமாக வெளியிடத் தொடங்கும் முன் வதனாபே பதிப்பகத்துக்காக அவர் செய்த சில அச்சுகளில் அது கிடையாது. அப்புறம், காகிதத்தைத் திருப்பிப் பாருங்கள்: இரண்டு வகையிலும் நிறம் பின்பக்கம் ஊறியிருக்கும். முன்பக்கம் சின்னச் சின்னப் புள்ளிகளாகத் தெரிந்தால் அது இயந்திர நகல், பேரமே வேண்டாம்.

பராமரிப்பு
இரண்டுக்கும் வெயில் ஆகாது.

சேகரிப்புக்கும் மறுவிற்பனைக்கும் என்றால் ஜிசூரி. பெரிய தொகையென்றால் நிபுணரிடம் காட்டிய பிறகே பணம் கொடுங்கள். வரவேற்பறைச் சுவருக்கு என்றால் பிற்காலப் பதிப்பே தாராளம். என்னைக் கேட்டால், ஓரம் வெட்டப்பட்ட மலிவான ‘ஜிசூரி’யைவிட அதுவே மேல்.