மானிட்டர் விட்டு விட்டு வந்தால் எதை மாற்றுவது: கேபிளா, ஹெர்ட்ஸா, சார்ஜரா?

வீட்டில் ஒரு ராஸ்பெர்ரி பை 4 இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கும் கணினி. மகள் அதில்தான் நிரல் எழுதப் பழகுகிறாள். பழைய டிவியில் மாட்டியிருந்தவரை ஒரு தொந்தரவும் இல்லை. 27 அங்குல 4கே மானிட்டர் வாங்கி, 60 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 60 முறை படம் புதுப்பிப்பது) வைத்த அன்றே வினை ஆரம்பித்தது. ஐந்து நிமிடம் நன்றாக இருக்கும். திடீரென்று இரண்டு விநாடி இருட்டு, மறுபடி படம். நடுநடுவே திரையில் வெள்ளைப் புள்ளிகள் கடுகு வெடிப்பதுபோலத் தெறிக்கும். பாதி வரி தட்டிக்கொண்டிருக்கும்போது திரை போனால் அவள் என்னைத் திரும்பிப் பார்ப்பாள். இதைச் சரிசெய்யாமல் விடக்கூடாது என்று உட்கார்ந்துவிட்டேன்.

விசாரித்தால் ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறார்கள். கேபிளை மாற்று, ஹெர்ட்ஸைக் குறை, நல்ல சார்ஜர் போடு, செட்டிங்ஸில் ஒரு வரி சேர், மானிட்டரையே திருப்பிக் கொடு. எல்லாமே யாரோ ஒருவருக்குப் பலித்தவைதான். ஆனால் எல்லாம் ஒரே நோய்க்கான மருந்து இல்லை. அதனால் எது எந்த அறிகுறிக்குச் சரிப்படும் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன்.

முதலில் ஹெர்ட்ஸைக் குறைப்பது. காசு செலவில்லை, அரை நிமிட வேலை. நிறைய பேர் இதைத் தீர்வாகச் சொல்கிறார்கள். என்னைக் கேட்டால் இது சோதனை மட்டுமே. கணக்கைப் பார்த்தால் காரணம் புரியும். 1080பி (ஃபுல் எச்டி) 60 ஹெர்ட்ஸில் கேபிள் வழியே விநாடிக்குச் சுமார் 4.5 கிகாபிட் ஓடுகிறது. 4கே 30 ஹெர்ட்ஸில் சுமார் 8.9. 4கே 60 ஹெர்ட்ஸில் அது 17.8 ஆகிவிடும். திரைக்குப் படம் கொண்டுபோகும் எச்டிஎம்ஐ இணைப்பின் பழைய பதிப்பான 1.4 காலத்துக் கேபிள் தாங்க வேண்டிய அளவு 10.2 கிகாபிட்தான். ஆக, 60-ல் படம் விட்டு விட்டு வந்து, 30-ல் அந்தத் தொந்தரவு நின்றுபோனால் கேபிளுக்குத் தெம்பு போதவில்லை. 1080பி வரை இறக்கியும் நிற்கவில்லை என்றால் கேபிளின் தெம்பைக் குறை சொல்ல முடியாது, வேறு இடத்தில் தேட வேண்டும்.

எங்கள் வீட்டில் 30-க்கு இறக்கியதும் வெள்ளைப் புள்ளிகள் சுத்தமாக நின்றுவிட்டன. இருட்டு மட்டும் நிற்கவில்லை. 1080பி-யிலும் வந்தது. அப்போதுதான் இங்கே ஒன்றல்ல, இரண்டு கோளாறு என்று பிடிபட்டது. அப்படியே 30-ல் ஓட்டிவிடலாமே என்றால், மவுஸ் அம்பு இழுபட்டு இழுபட்டு நகர்கிறது. நாள் முழுக்க அதைப் பார்த்தால் கண் வலிக்கும்.

2560×1440-க்கு இறக்கலாமே என்று நடுவழி தேடுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அந்த அளவில் 60 ஹெர்ட்ஸ் ஓடும்போது எச்டிஎம்ஐ சிக்னலின் வேகம் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையின் முதல் சேனலோடு உரசுகிறது. பை 4-ல் இதனால் வைஃபை அறுந்துபோவது 2019 கடைசியிலேயே பேசப்பட்ட விஷயம். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாறிக்கொண்டால் பிரச்சினை இல்லை.

சரி, கேபிளுக்கு வருவோம். பை 4-ல் இருப்பது மைக்ரோ எச்டிஎம்ஐ. இங்கேதான் இரண்டு வழி பிரிகிறது. ஒன்று, சிறு அடாப்டர் ஒன்றைச் செருகி, செட்டாப் பாக்ஸோடு வந்த கேபிளையே மாட்டுவது. இன்னொன்று, ஒரு முனை மைக்ரோ, மறுமுனை சாதாரண எச்டிஎம்ஐ என்று ஒரே கேபிளாக வாங்குவது. நான் முதலில் செய்தது அடாப்டர் வழி. சில நூறு ரூபாய் மிச்சம். ஆனால் செருகும் இடம் ஒன்றுக்கு இரண்டாகிறது, அத்தோடு தடித்த கேபிளின் பாரம் முழுவதும் அந்தச் சின்னத் துளையில் தொங்குகிறது. ஒரு மீட்டர் நேரடிக் கேபிள் வாங்கி மாட்டியதும் 60 ஹெர்ட்ஸிலும் வெள்ளைப் புள்ளி இல்லை. அடாப்டருக்கு நான் பரிந்துரை தரமாட்டேன். இருக்கும் கேபிள் நல்லதா என்று ஒரு நாள் சோதிக்க மட்டும் உதவும்.

கேபிள் வாங்கும்போது உறையில் ‘8கே’ என்று பெரிதாக அச்சிட்டிருப்பதை நம்ப வேண்டாம். ‘பிரீமியம் ஹை ஸ்பீடு’ என்ற சான்று லேபிள், கைபேசியில் ஸ்கேன் செய்யும் கட்டத்தோடு இருக்கும். அது 18 கிகாபிட்டுக்குச் சோதித்த கேபிள். ‘அல்ட்ரா ஹை ஸ்பீடு’ 48 கிகாபிட். பை 4-க்கு அவ்வளவு வேண்டாம். சான்றைவிடவும் நீளத்தைக் கவனியுங்கள். ஒரு மீட்டர் போதுமென்றால் மூன்று மீட்டர் வாங்கிச் சுருட்டி வைக்காதீர்கள்.

புதுக் கேபிள் போட்டும் அந்த இரண்டு விநாடி இருட்டு போகவில்லை. இரண்டு நாள் மண்டையைக் குடைந்தது. ஒரு சாயங்காலம் டார்ச் அடித்துப் பார்த்தேன். செருகியின் பிளாஸ்டிக் பிடி, கணினியின் வெளிக் கூட்டில் இடித்துக்கொண்டு நின்றது. பளபளவென்று உலோகம் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் வெளியே தெரிந்தது, அதாவது முழுதாக உள்ளே போகவே இல்லை. விரலால் லேசாக மேலே தூக்கினேன், திரை இருண்டது. விட்டேன், வந்தது. கூட்டைக் கழற்றிவிட்டு மாட்டினேன், ‘டக்’கென்று உட்கார்ந்தது. மானிட்டர் இருக்கிறதா என்று கணினி தெரிந்துகொள்வது ஓர் ஊசியின் தொடர்பை வைத்துத்தான். அந்தத் தொடர்பு ஒரு கணம் விட்டால் மானிட்டரைப் பிடுங்கிவிட்டதாகவே நினைத்துக்கொள்ளும். பிறகு சின்ன அரத்தால் கூட்டின் ஓட்டையை இருபுறமும் ராவிப் பெரிதாக்கினேன். அதன்பின் இருட்டு வரவே இல்லை.

எந்தத் துளையில் செருகுகிறோம் என்பதும் முக்கியம். பை 4-ல் 4கே 60 வேண்டுமென்றால் பவர் ஒயர் செருகும் இடத்தை ஒட்டியுள்ள முதல் துளையில்தான் மாட்ட வேண்டும், கான்ஃபிக் கோப்பில் (பை-யின் செட்டிங்ஸ் இருக்கும் கோப்பு) அதற்கான வரியையும் போட வேண்டும். சூடு கொஞ்சம் ஏறும். இரண்டு மானிட்டர் மாட்டினால் 4கே 60 கிடைக்காது. 2023-ல் வந்த பை 5-ல் இந்தக் கட்டுப்பாடு இல்லை.

சார்ஜர் விஷயத்தில் குழப்பம் அதிகம். 65 வாட் கைபேசி சார்ஜர் இருக்கும்போது 15 வாட் சார்ஜர் எதற்கு என்று கேட்பார்கள். வேகச் சார்ஜர் அதிக வோல்ட் தருவது கைபேசி கேட்டால்தான். பை 4 கேட்பதில்லை, அதற்கு வருவது 5 வோல்ட் மட்டுமே. மெல்லிய ஒயரில் அதிலும் கொஞ்சம் கரைந்துபோகும். பை-யின் சொந்த சார்ஜர் 5.1 வோல்ட், 3 ஆம்பியர். அந்தக் கூடுதல் 0.1 வைத்திருப்பதே ஒயரில் போகும் இழப்பை ஈடுகட்டத்தான். சுமார் 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் திரையில் மின்னல் குறியோ, மின்சாரம் குறைவு என்ற அறிவிப்போ வரும். அது தெரிந்தாலோ, வெளி ஹார்டு டிஸ்க் செருகும்போது மட்டும் படம் துடித்தாலோ, கேபிளைத் தொடுவதற்கு முன் சார்ஜரை மாற்றுங்கள். எங்களுக்கு மின்னல் குறி வந்ததே இல்லை. சார்ஜரை மாற்றியும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

செட்டிங்ஸில் எச்டிஎம்ஐ சிக்னலின் பலத்தைக் கூட்டும் ஒரு வரி உண்டு. பழைய பை வைத்திருப்பவர்களுக்கு நீளமான கேபிளில் அது உதவும். பை 4 அந்த வரியைக் கண்டுகொள்வதே இல்லை. அதை 5-லிருந்து 7, 7-லிருந்து 9 என்று மாற்றி மாற்றி ஒரு மாலைப்பொழுதைத் தொலைக்க வேண்டாம்.

விண்டோஸ் ஓடும் மினி பிசி என்றால் கையில் இன்னொரு வழி இருக்கிறது: டிஸ்ப்ளேபோர்ட். இரு பக்கமும் டிஸ்ப்ளேபோர்ட் இருந்தால் நான் எச்டிஎம்ஐயை விட்டு அதற்கே போவேன். செருகியில் கொக்கி இருப்பதால் தானாக நழுவாது. ஆனால் கணினியில் எச்டிஎம்ஐ, மானிட்டரில் டிஸ்ப்ளேபோர்ட் என்றால் சாதாரண மாற்றுக் கேபிள் வேலை செய்யாது. அது டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐக்குப் போகும் ஒருவழிப் பாதை. இதைக் கடையில் கேட்டு வாங்குங்கள். யூஎஸ்பி-சி துளை இருந்தாலும் எல்லாவற்றிலும் படம் வராது. பை 4-ல் உள்ள யூஎஸ்பி-சி-யில் வராது.

விண்டோஸில் டிரைவர் (திரையை இயக்கும் மென்பொருள்) கோளாறா என்று பார்க்க டாஸ்க் மேனேஜரைத் திறந்து வையுங்கள். மற்றதெல்லாம் துடிக்கும்போது அதுவும் சேர்ந்து துடித்தால் டிஸ்ப்ளே டிரைவர். அது மட்டும் அசையாமல் நின்றால் ஏதோ ஒரு செயலி.

மானிட்டரைத் திருப்பிக் கொடுக்கும் முன் அதன் பட்டனை அழுத்தி மெனுவை வரவழைத்துப் பாருங்கள். பின்னால் படம் துடிக்க மெனு அசையாமல் நின்றால், மானிட்டருக்கு வந்து சேரும் சிக்னலில்தான் குறை. மெனுவும் சேர்ந்து மினுக்கினால், அதுவும் பிரகாசத்தைக் குறைக்கும்போது அதிகமானால், பின்விளக்கில் கோளாறு; அதற்குக் கேபிளும் சார்ஜரும் ஒன்றும் செய்யாது. நான் பில்லையும் அட்டைப்பெட்டியையும் எடுத்து வைத்துவிட்டுத்தான் இந்தச் சோதனையைச் செய்தேன். மெனு அசையவில்லை. பெட்டி திரும்பப் பரணுக்குப் போனது.