ஹெர்மிட்டேஜா, ரஷ்ய அருங்காட்சியகமா? பீட்டர்ஸ்பர்க்கில் கப்பல் நிற்கும் இரண்டு பகல்கள்

2019 ஜூன் மாதம் பால்டிக் கடல் பயணம் ஒன்றில் எங்கள் கப்பல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இரண்டு பகல் நின்றது. முதல் நாள் கப்பலிலேயே பதிவு செய்த பெரிய குழுவுடன் ஹெர்மிட்டேஜ் அருங்காட்சியகத்துக்குப் போனோம். மறுநாள் நாங்கள் நால்வர் மட்டும் தனி வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொண்டு, ரஷ்ய ஓவியர்களின் படைப்புகளுக்கான ரஷ்ய அருங்காட்சியகத்துக்குப் போனோம். இரண்டும் அரச குடும்பத்தின் அரண்மனைகளில் அமைந்தவை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு இருபது நிமிடத்தில் நடந்துவிடலாம். ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் எது என்று கேட்பவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது ரஷ்ய அருங்காட்சியகத்தை. என் அம்மாவும் அதையே சொல்வார். அவருடைய முழங்கால்களுக்கும் இந்தத் தீர்ப்பில் பங்குண்டு.

ஹெர்மிட்டேஜின் பெருமையை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. 1764இல் பெர்லின் வணிகர் ஒருவரிடமிருந்து ரஷ்யப் பேரரசி இரண்டாம் கேத்தரின் வாங்கிய ஓவியங்களோடு தொடங்கிய தொகுப்பு இன்று முப்பது லட்சம் பொருள்களைத் தாண்டியிருக்கிறது. ராஸ்ட்ரெல்லி கட்டிய குளிர்கால அரண்மனை, லியோனார்டோவின் இரண்டு மடோனாக்கள், ரெம்பிராண்டின் ‘ஊதாரி மகனின் திரும்புதல்’ ஆகியவற்றுக்காகவே அந்த நகரத்துக்கு வருபவர்கள் உண்டு. படங்களின் தரத்தை மட்டும் எடைபோட்டால் போட்டியே இல்லை.

ஆனால் கப்பல் பயணிக்கு அங்கே கிடைப்பது எத்தனை நிமிடம் என்பதுதான் கேள்வி. அனுமதி பெற்ற சுற்றுலா நிறுவனத்தின் வழியே வருபவர்கள் எழுபத்திரண்டு மணி நேரம் வரை விசா இல்லாமல் கரை இறங்கலாம் என்பது அப்போதைய விதி. அதன் மறுபக்கம் என்னவென்றால், விசா இல்லாதவர் அந்தக் குழுவை விட்டு விலகித் தன் விருப்பப்படி சுற்ற முடியாது. துறைமுகத்தில் குடிவரவு வரிசை, பிறகு பேருந்து, பிறகு மேலங்கி வைக்குமிடம், பிறகு காதில் மாட்டும் ஒலிக்கருவியைச் சரிபார்த்தல் என்று காலை கரைந்தது. உள்ளே எங்களுக்கு ஒதுக்கியிருந்தது இரண்டரை மணி நேரம். ஜோர்டான் படிக்கட்டில் தொடங்கி, மயில் கடிகாரத்தைச் சுற்றி நின்ற கூட்டத்தைக் கடந்து, லியோனார்டோ கூடத்தில் தலைகளுக்கு மேல் உயர்ந்த கைப்பேசிகளின் திரைகளில் மடோனாவைப் பார்த்து, ரெம்பிராண்டிடம் சேர்ந்தபோது வழிகாட்டியின் சிவப்புக் குடை அடுத்த அறைக்குப் போய்விட்டது. தந்தையின் முன் மண்டியிட்டிருக்கும் மகனின் தேய்ந்த பாதத்தைப் பார்ப்பதற்காகவே நான் அவ்வளவு தூரம் போயிருந்தேன். அதன் முன்னால் நின்றது இரண்டு நிமிடம்கூட இராது. கடிகாரத்தைப் பார்த்து நான் போட்ட கணக்கின்படி அந்த இரண்டரை மணி நேரத்தில் ஏதேனும் ஒரு படத்தின் முன் அசையாமல் நின்ற நேரமெல்லாம் சேர்ந்து இருபது நிமிடத்துக்குள் அடங்கிவிடும். மீதியெல்லாம் நடை. அந்த நடையிலும் அரண்மனையின் தரையும் கூரையும் கண்ணுக்கு விருந்துதான் என்பதை மறுக்கமாட்டேன். ஆயினும் ஓவியம் பார்க்கப் போனவருக்கு அது போதாது.

மறுநாள் நிலைமை தலைகீழ். கார்லோ ரோஸ்ஸி 1819 முதல் 1825 வரை கட்டிய மிகைலோவ்ஸ்கி அரண்மனையில், தந்தை மூன்றாம் அலெக்சாந்தரின் நினைவாகப் பேரரசர் இரண்டாம் நிக்கோலாஸ் நிறுவி 1898இல் திறந்த அருங்காட்சியகம் அது. உள்ளே போன கால் மணி நேரத்தில் பிரியுலோவின் ‘பாம்பேயின் கடைசி நாள்’ முன்னால் உட்கார்ந்திருந்தோம். ஆம், உட்கார்ந்திருந்தோம். நான்கரை மீட்டர் உயரமும் ஆறரை மீட்டர் அகலமும் கொண்ட படத்தை அருகில் நின்று பார்க்கவே முடியாது. சரிந்து விழும் சிலைகளையும், வண்ணப்பெட்டியைத் தலையில் சுமந்தபடி கூட்டத்துக்குள் நிற்கும் ஓவியரின் சொந்த முகத்தையும் ஒவ்வொன்றாகத் தேடிக் கண்டுபிடிக்க நேரம் வேண்டும். அங்கே அது இருந்தது. கப்பல் உடைந்து கடலில் தத்தளிப்பவர்களைக் காட்டும் ஐவசோவ்ஸ்கியின் ‘ஒன்பதாம் அலை’யும் அங்கேதான் இருக்கிறது, மறுநாள் மீண்டும் கடலேறப் போகிறவர்கள் அதைச் சற்று வேறு மனநிலையில் பார்ப்பார்கள்.

குயிஞ்ஜியின் ‘நீப்பர் நதியில் நிலவொளி’ கப்பல் பயணிகளுக்குப் பொருத்தமான இன்னொரு படம். 1880இல் இருட்டறையில் தனியாகக் காட்சிக்கு வைக்கப்பட்டபோது, பின்னால் விளக்கு வைத்திருக்கிறார்களோ என்று பார்வையாளர்கள் ஐயுற்றார்களாம். அதை வாங்கிய இளவரசர் பிரிய மனமில்லாமல் கடற்பயணத்துக்குக் கூடவே எடுத்துச் சென்றார். உப்புக் காற்றில் வண்ணங்கள் கறுத்துவிட்டன என்கிறார்கள். அதே கட்டடத்தில் ரேப்பினின் ‘வோல்காவில் படகிழுப்போர்’ இருக்கிறது. மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகம் வெளியிட்ட தமிழ் நூல்களின் வழியே ரஷ்யாவை அறிந்த தலைமுறைக்கு அந்தப் பதினோரு முகங்களும் அந்நியமாகத் தோன்றா. அந்தப் படத்தை வாங்கியவரும் ஓர் அரச இளவரசர்தான் என்பதும், அது அவருடைய பில்லியர்ட்ஸ் அறையில் தொங்கியது என்பதும் எனக்கு இன்னும் செரிக்காத செய்திகள். சுல்தானுக்குக் கேலிக் கடிதம் எழுதும் கோசாக்குகளை ரேப்பின் தீட்டிய படத்தை மூன்றாம் அலெக்சாந்தர் 35,000 ரூபிள் கொடுத்து வாங்கினார், அதுவும் இங்கேதான். ரெம்பிராண்டை ஆம்ஸ்டர்டாமிலும் பார்க்கலாம். இவர்களை இந்த அளவில் பார்க்க மாஸ்கோவின் திரெத்தியகோவ் கலைக்கூடத்தை விட்டால் வேறு இடமில்லை.

ஃபபெர்ஜே அருங்காட்சியகத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். ஷுவாலோவ் அரண்மனையில் 2013 முதல் இயங்குகிறது. அரச குடும்பத்துக்காக ஃபபெர்ஜே நிறுவனம் செய்த ஒன்பது அலங்கார ஈஸ்டர் முட்டைகள் இருக்கின்றன. நகை வேலைப்பாட்டில் ஈடுபாடு உள்ளவர்கள் போகலாம்.

என் ஒப்பீட்டில் ஒரு கோணல் இருப்பதை ஒப்புக்கொள்கிறேன். ஹெர்மிட்டேஜை நாற்பது பேருடனும் மற்றதை நால்வராகவும் பார்த்திருக்கிறேன். இரண்டையும் சிறு குழுவாகப் பார்த்திருந்தால் இடைவெளி குறைந்திருக்கலாம். இரவிலும் இருட்டாத ஜூன் மாத வெண்ணிரவுப் பருவத்தின் நெரிசலை வைத்து நான் சொல்வது குளிர்காலத்துக்குப் பொருந்தாமலும் போகலாம். ஹெர்மிட்டேஜை விட்டுவிட மனமில்லாதவர்கள் அரண்மனைச் சதுக்கத்தின் எதிர்ப்புறத்தில் உள்ள அதன் இன்னொரு பகுதியான தலைமைப் படைத்தளக் கட்டடத்தை மட்டும் பார்க்கக் கேட்டுக்கொள்வது நல்லது. மத்தீஸின் ‘நடன’மும் ஷுகின், மொரோசவ் ஆகிய மாஸ்கோ சேகரிப்பாளர்களின் தொகுப்புகளிலிருந்து வந்த பிரெஞ்சு ஓவியங்களும் அங்கே இருக்கின்றன, பெரிய குழுக்கள் பெரும்பாலும் அந்தப் பக்கம் வருவதில்லை.

2022க்குப் பிறகு மேற்கத்தியக் கப்பல் நிறுவனங்கள் பீட்டர்ஸ்பர்க்கைத் தம் பயணப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டன. இப்போது எஞ்சியிருப்பது மாஸ்கோவுக்கும் பீட்டர்ஸ்பர்க்குக்கும் இடையே கோடையில் ஓடும் ஆற்றுக் கப்பல்கள்தாம். இந்தியர்களுக்கு 2023 முதல் மின்னணு விசா கிடைப்பதால் குழுவோடு கட்டுண்டு நடக்க வேண்டிய தேவையும் இல்லை. நாளைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்: ஹெர்மிட்டேஜுக்குத் திங்கள்கிழமை விடுமுறை, ரஷ்ய அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய்க்கிழமை.