கடிக்கிற இகுவானாவுக்கு எது சரி: கையுறையா, பொறுமையா, கணகணப்பா?

போன மார்கழியில் விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு வாசலில் நின்றேன். பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "நாயா தம்பி?" என்றார். இல்லை அக்கா, ஜமீன் கடித்துவிட்டான் என்றேன். ஜமீன் நான் வளர்க்கும் இகுவானா, பெரிய பல்லி வகை. "அந்த ஓணானா? அப்புறம் ஏன் நின்னுட்டிருக்கே, பாஸ்டியருக்குப் போய் ஊசி போட்டுக்க வேண்டியதுதானே" என்று விரட்டினார். குன்னூரில் எது கடித்தாலும் இந்தப் பதில்தான். 1907லிருந்து வெறிநாய்க்கடிக்கென்றே பேர்போன நிலையம் சிம்ஸ் பூங்கா பக்கத்தில் இருக்கும் ஊரில் வேறு என்ன சொல்வார்கள்? ஆனால் ரேபிஸ் பாலூட்டிகளின் நோய். பல்லி, பாம்பு வகையறா கடித்தால் அந்த ஊசிக்கு வேலை இல்லை. சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவ வேண்டும், டெட்டனஸ் ஊசி போட்டு நாளாகிவிட்டதா என்று பார்க்க வேண்டும், வெட்டு ஆழமாக இருந்தாலோ வீங்கினாலோ டாக்டரிடம் போக வேண்டும். இகுவானாவின் பல் ஒவ்வொன்றும் சின்னதுதான், ஆனால் விளிம்பு ரம்பம் மாதிரி இருக்கும், இலையை அறுப்பதற்கென்றே அமைந்த பல் அது, விரலுக்கும் அதே மரியாதைதான். சால்மோனெல்லா கிருமியும் இந்த வகைப் பிராணிகளிடம் சாதாரணமாக இருக்கும். அதனால் கடித்தாலும் கடிக்காவிட்டாலும் தொட்ட கையைக் கழுவாமல் சோற்றில் வைக்கக்கூடாது.

ஜமீன் ஆண் பச்சை இகுவானா, வயது மூன்றரை, வாலோடு சேர்த்து நாலடிக்கு மேல். பிறந்த மண் என்று பார்த்தால் மத்திய, தென் அமெரிக்கா. என்னிடம் வந்தது கோயம்புத்தூரிலிருந்து. நண்பர் ஒருவர் ஊர் மாறும்போது பதிவுத் தாள்களோடு ஒப்படைத்தார். உயரமான கிளையில் உட்கார்ந்துகொண்டு நாள் முழுக்கத் தலையை ஆட்டி ஊரையே மேற்பார்வை பார்ப்பான், அதனால்தான் அந்தப் பெயர். கோவையில் தோளில் ஏறி உட்கார்ந்தவன் மலைக்கு வந்த இரண்டாவது மாதத்தில் கூண்டைத் திறந்தாலே வாயைப் பிளந்தான். இடம் மாறிய கோபம் என்றார்கள், வயசுக் கோளாறு என்றார்கள், நீ இடம் கொடுத்துக் கெடுத்துவிட்டாய் என்றும் சொன்னார்கள். ஆளுக்கொரு வைத்தியம். கிட்டத்தட்ட எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தவன் என்பதால் எது எவ்வளவு தாங்கும் என்று எழுதுகிறேன்.

முதலில் கையுறை. வெல்டிங் பட்டறையில் போடுகிற முழங்கை வரைக்குமான தோல் கையுறையை மாட்டிக்கொண்டு, அவன் என்ன சீறினாலும் பிடித்துத் தூக்கி, அடங்குகிற வரை கீழே விடாமல் வைத்திருப்பது. "யார் பெரியவன் என்று காட்டிவிட வேண்டும்" என்பது இந்த முறையின் தத்துவம். வேகமாகப் பலன் தருவது போலத் தெரியும். நாலாம் நாளே ஜமீன் கையில் அசையாமல் கிடந்தான், நான் தடவத் தடவக் கண்ணை மூடிக்கொண்டான், ஆகா சொக்கிவிட்டான் என்று வீடியோ எடுத்து நண்பருக்கு அனுப்பினேன். இகுவானா தடவும்போது கண்ணை மூடினால் பெரும்பாலும் அது சுகம் இல்லை, "நீ இல்லாத மாதிரி இருந்துவிடுகிறேன்" என்கிற தப்பிப்பு. பயத்தில் உறைந்தவனை அடங்கியவன் என்று நினைத்திருக்கிறேன். கையுறையைக் கழற்றிவிட்டு வெறுங்கையை நீட்டிய அன்றுதான் மேலே சொன்ன மார்கழிக் கடி. அவன் கற்றுக்கொண்டது கையுறையிடம் கடி செல்லாது என்பதை மட்டும்தான். இன்னொரு குறை, தடித்த தோலுக்குள்ளிருந்து எவ்வளவு அழுத்துகிறோம் என்று நமக்கே தெரியாது, அவன் திமிறி வாலை முறித்துக்கொள்ளவும் வாய்ப்பு உண்டு. மூக்கில் சுண்டுவது, வாயில் டேப் ஒட்டுவது என்றெல்லாம் யோசனை சொல்கிறவர்களும் இருக்கிறார்கள், அதைப் பற்றிப் பேசவே விருப்பமில்லை.

இரண்டாவது, கண்டுகொள்ளாமல் விடுவது. சாப்பாடு வை, தண்ணீர் மாற்று, கூட்டு, போ. தொடாதே. பலர் இதைக் கையாலாகாத்தனம் என்று நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, வந்த புதிதில் இரண்டு வாரம், அப்புறம் இனப்பெருக்கப் பருவம் முழுவதும், இதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் வருடம் முழுக்க இப்படியே விட்டால் நாலடி மிருகம் ஒன்று மனிதக் கையையே அறியாமல் வளரும். ஒருநாள் அதன் வாயைத் திறந்து பார்க்க வேண்டிய நோய் வரும்போது, தூக்கவும் முடியாமல் மலையிறங்கிக் கொண்டுபோகவும் முடியாமல் நிற்போம்.

மூன்றாவது, ஆசை காட்டிப் பழக்குவது. தினமும் ஒரே நேரத்தில், கூண்டுக்குள் கையை விடாமல், நீளமான மரக்கரண்டியை மட்டும் நீட்டுவது. கரண்டியை மூக்கால் தொட்டால் ஒரு செம்பருத்திப் பூ. முதல் பத்து நாள் பூவைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்றாவது வாரம் கரண்டியைக் கண்டதும் கிளையிலிருந்து இறங்கினான். அப்புறம் கரண்டிக்குப் பக்கத்தில் கை, அப்புறம் கைமேல் முன்னங்கால், இப்படியே நாலு மாதம். சலித்துப்போகும், பொய் சொல்ல மாட்டேன். நடுவில் இரண்டு முறை விட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். ஆனால் இந்த வழியில் வந்த பழக்கம் மட்டும்தான் கையுறை இல்லாத கையிடமும் நிலைத்தது. வேண்டாம் என்றால் அவன் விலகிப்போக இடம் இருக்கிறது, அதனால் கடித்து விலக்க வேண்டிய தேவை அவனுக்கு வருவதில்லை.

இதில் ஒரு எச்சரிக்கை. விரலால் ஊட்டாதீர்கள். அண்ணன் மகள் நகத்தில் சிவப்புச் சாயம் பூசிக்கொண்டு கீரையை நீட்ட, இவன் செம்பருத்தி என்று நினைத்து நகத்தோடு கவ்வினான். கோபமே கிடையாது, வெறும் பசி. இது வேறு கடி, இதற்கு வேறு மருந்து: தட்டு, இல்லாவிட்டால் கிடுக்கி. எந்தக் கடி என்று தெரியாமல் வைத்தியம் தேடுவதுதான் நாம் செய்கிற முதல் தப்பு.

இனி நான் இவ்வளவு தூரம் சுற்றி வளைத்துச் சொல்ல வந்த விஷயம். மேலே சொன்ன மூன்று முறைகளையும் நான் ஒப்பிட்டுக்கொண்டிருந்த முதல் மூன்று மாதமும் கூண்டுக்குள் எத்தனை டிகிரி என்று ஒழுங்காக அளந்ததே இல்லை. கோவையில் அந்தக் கேள்வியே எழாது. குன்னூரில் டிசம்பர் இரவு பத்து டிகிரிக்குக் கீழேயும் போகும், ஊட்டியிலோ புல்மேல் உறைபனியே படியும். இகுவானாவுக்கு வெயில் காயும் கிளையில் 35 டிகிரி பக்கம் வேண்டும், கூண்டின் குளிர்ந்த மூலையிலும் 26, 27 இருக்க வேண்டும், இரவில் 22க்குக் கீழே விடக்கூடாது. எனக்கு ஸ்வெட்டர் போதுமாக இருந்ததால் அவனுக்கு ஒரு பல்பு போதும் என்று நினைத்துவிட்டேன்.

குளிர்ந்தால் பல்லி மந்தமாகும், மந்தமானால் சாதுவாகத்தானே இருக்கும் என்று தோன்றும். நடப்பது நேர்மாறு. 1982ல் ஹெர்ட்ஸ், ஹியூயி, நெவோ என்ற மூன்று பேர் இஸ்ரேலில் இரண்டு வகை ஓணான்களை வைத்து இதைச் சோதித்தார்கள். உடம்பு சூடாக இருந்தபோது ஆளைக் கண்டதும் ஓடிய அதே ஓணான்கள், உடம்பு குளிர்ந்திருந்தபோது ஓடாமல் நின்று வாயைப் பிளந்து தாக்க வந்தன. யோசித்தால் நியாயம்தான். குளிரில் கால் ஓடாது, ஓட முடியாதவனுக்கு மிச்சம் இருப்பது வாய். ஆராய்ச்சி ஓணானில் நடந்தது, இகுவானாவில் இல்லை. ஆனால் காலையில் எட்டு மணிக்கு நான் கை வைத்தால் பிளக்கிற வாய், மதியம் இரண்டு மணிக்குத் திறப்பதில்லை என்பதை என் கண்ணாலேயே பார்த்தபிறகு எனக்குச் சந்தேகம் வரவில்லை.

அதனால் மலைநாட்டில் இருப்பவர்களுக்கு என் வரிசை இது: முதலில் கணகணப்பு, மற்றதெல்லாம் அப்புறம். மரப்பெட்டிக் கூண்டு, பின்பக்கம் தெர்மாகோல், வெளிச்சம் தராத செராமிக் ஹீட்டர், அதைச் சுற்றிக் கம்பிவலை (இல்லாவிட்டால் ஒட்டிக்கொண்டு படுத்துச் சுட்டுக்கொள்வான்), சூட்டை ஒரே அளவில் வைக்கும் தெர்மோஸ்டாட். சூடாகும் கல் என்று விற்பதை வாங்க வேண்டாம், வயிறு வெந்துபோகும். அளக்கக் கொரோனா காலத்து நெற்றித் தெர்மாமீட்டர் உதவாது, உடம்புச் சூட்டை அளக்கிற நிலையில் அது குளிர்ந்த இடத்தைக் காட்டாமல் முரண்டு பிடிக்கும். பொருட்களின் சூட்டை அளக்கும் கருவி தனியாகக் கிடைக்கிறது. புற ஊதா விளக்கும் வேண்டும். நம் பழைய பங்களாக்களின் கண்ணாடி முகப்பில் வெயில் கொட்டுகிறதே, அங்கே வைத்தால் போதாதா என்றால் போதாது. எலும்புக்குத் தேவையான கதிர் ஜன்னல் கண்ணாடியில் நின்றுவிடும். அது கிடைக்காமல் போனால் தாடை எலும்பு மெலியும், வலிக்கும், வலிக்கிற தாடையைத் தொட்டால் எந்த மிருகமும் கடிக்கத்தான் செய்யும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் பர்லியாறு பக்கம் மண்ணும் மரமும் சரிந்து கரண்ட் போனால் என்ன செய்வது? வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி உள்ளே வைத்து, கூண்டைக் கம்பளியால் மூடி, சீக்கிரம் கரண்ட் வர வேண்டும் என்று வேண்டிக்கொள்வது. கரி அடுப்பைக் கொண்டுவந்து மூடிய அறையில் வைத்துவிடாதீர்கள், அந்தப் புகையில் அவனோடு நீங்களும் போய்ச் சேர்வீர்கள்.

சூடு சரியானபின் கடி பாதிக்கு மேல் தானாகக் குறைந்தது. மீதிக்குத்தான் கரண்டியும் பூவும். கூடவே கை வைக்கும் விதத்தையும் மாற்றினேன். இகுவானாவின் உச்சந்தலையில் மூன்றாவது கண் ஒன்று இருக்கிறது, உருவம் தெரியாது, நிழல் தெரியும். காட்டில் மேலிருந்து விழும் நிழல் என்றால் பருந்து. நாம் அன்பாக மேலிருந்து கை நீட்டினாலும் அவனுக்கு அது பருந்துதான். பக்கவாட்டில், அவன் பார்க்கப் பார்க்க, நெஞ்சுக்குக் கீழே கை கொடுத்துத் தூக்க வேண்டும். உடம்பைத் தட்டையாக்கிப் பக்கவாட்டில் காட்டினாலோ, தாடைத் தோலைத் தொங்கவிட்டு வாலை வளைத்தாலோ, அன்றைக்குக் கதவைச் சாத்திவிட்டுப் போய்விட வேண்டும். மீறினால் முதலில் வாலடி, அப்புறம் கடி.

தீனியைப் பற்றி ஒரு வார்த்தை. முருங்கைக்கீரை, அகத்தி, பூசணி, செம்பருத்தி இலையும் பூவும் நல்லது. ஊட்டிக் கோஸ் மலிவாகக் கிடைக்கிறதே என்று தினமும் போடக்கூடாது, பட்டர் ஃப்ரூட் அறவே வேண்டாம். தோட்டத்துக் கீரை என்றால் மருந்து அடித்ததா என்று கேட்டு வாங்குங்கள்.

பருவக்கடி மட்டும் இதற்கெல்லாம் கட்டுப்படாது. இரண்டு, மூன்று வயதுக்குமேல் ஆண் இகுவானாவுக்கு வருடத்தில் சில வாரம் உடம்பில் ஆரஞ்சு நிறம் ஏறும், தொடையோரத் துளைகளில் மெழுகு போலச் சுரக்கும், சாப்பாடு குறையும், கண்ணாடியில் தன் உருவத்தைக் கண்டாலே சண்டைக்குப் போவான். அப்போது முகம், காதுக்கு அருகில் தூக்குவது முட்டாள்தனம், குழந்தைகளை அந்த அறைக்குள்ளேயே விடக்கூடாது. காயடிக்கலாமா என்று கேட்பார்கள். பருவம் தொடங்கும் முன் செய்தால் ஓரளவு பலன் எதிர்பார்க்கலாம், வெறி ஏறியபின் செய்தால் நிச்சயம் சொல்ல முடியாது. மயக்க மருந்து கொடுத்துச் செய்கிற அறுவை அது, இந்த வகைப் பிராணியைப் பார்த்துப் பழகிய மருத்துவரைத் தேடிச் சமவெளிக்குத்தான் இறங்க வேண்டும். வருடத்துக்குச் சில வாரம் பொறுத்துக்கொள்ள முடிகிற வீட்டில் அது தேவையில்லை என்பது என் கட்சி. நான் கூண்டுக் கண்ணாடியில் காகிதம் ஒட்டிவிட்டு இரண்டாவது முறைக்கு, அதாவது கண்டுகொள்ளாமல் விடுவதற்கு, மாறிவிடுகிறேன்.

சமாளிக்கவே முடியவில்லை என்றால் தெரிந்த கைக்குக் கொடுங்கள். பச்சை இகுவானா, காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தமான சைட்டிஸின் இரண்டாம் பட்டியலில் இருப்பது, 2024ல் வந்த விதிப்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும், கைமாறினாலும் தெரிவிக்க வேண்டும். சோலைக்காட்டில் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்ற எண்ணம் மட்டும் வேண்டாம். ஒன்று குளிரில் சாகும், இல்லை பிழைத்துக்கொண்டு நம் ஊர்ப் பிராணிகளுக்கு வினையாகும். அதேபோல வேலியோரம் தெரியும் நீலகிரியின் முள் ஓணானையோ உடும்பையோ பச்சோந்தியையோ பிடித்து வளர்க்க நினைக்காதீர்கள், அவை கடிப்பதற்கு முன்பே வனத்துறை வந்துவிடும்.

இந்தக் குளிர்காலத்தில் ஒரே ஒரு கடி. கரண்ட் போய் மூன்று மணி நேரம் கழித்து, வெந்நீர் பாட்டிலை மாற்றக் கை விட்டபோது. கவ்விக்கொண்டு விடவில்லை. இழுத்தால் சதை கிழியும் என்பதால் அவனைக் கையோடு தரையில் இறக்கி, கண்மேல் துணியைப் போட்டுவிட்டுக் காத்திருந்தேன், அரை நிமிடத்தில் விட்டான். வெல்டிங் கையுறை கூண்டுக்குப் பக்கத்து ஆணியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது, இருட்டில் எடுக்கத் தோன்றவில்லை. அக்கா இப்போதெல்லாம் வேலியோரச் செம்பருத்தியைப் பறித்துக்கொண்டு வருகிறார், கதவுக்கு வெளியிலேயே நின்று, "உள்ளே சூடா இருக்கானா?" என்று கேட்டுவிட்டுத்தான் நீட்டுகிறார்.