பால்பல் விழும் வரை பொறுத்த பயிற்சிக்கூடம்: எலி பிடிக்கும் டெரியர் குட்டிக்கான இரண்டு வகுப்புகள்

பென்சில்வேனியா மாநிலத்தின் லங்காஸ்டர் வட்டாரத்தில் எங்கள் வீட்டின் பின்புறம் 12 கோழிகள் இருக்கின்றன. கோழி இருக்கும் இடத்தில் தீவனம் சிந்தும்; தீவனம் சிந்தும் இடத்தை எலி தேடி வரும். கோழிக்கூண்டின் அடியில் முதல் வளையைப் பார்த்தபோது அலட்சியமாக விட்டதன் பலனாக, அறுவடை முடிந்து அக்கம்பக்கத்து வயல்கள் வெறுமையான காலத்தில் அங்கே ஏழு வளைகள் இருந்தன. பழுப்பெலி சுமார் மூன்று வாரம் சினையாக இருந்து, ஓர் ஈற்றில் ஆறு முதல் பன்னிரண்டு குட்டிகள் வரை போடும். அந்தக் குட்டிகளும் இரண்டு மூன்று மாதங்களில் ஈனத் தொடங்கிவிடும் என்பதால், கணக்கை நான் மேலே கொண்டுபோகவில்லை.

நஞ்சு வைக்கலாம் என்று பலர் சொன்னார்கள். கடையில் கிடைக்கும் எலி நஞ்சுகளில் பல, இரத்தம் உறைவதைத் தடுத்துக் கொல்பவை. தின்ற எலி உடனே சாகாமல் சில நாட்கள் தள்ளாடித் திரியும். அந்த எலியை ஆந்தையோ, பூனையோ, நம் கோழியே கூடவோ கொத்தித் தின்றால் நஞ்சு அதற்கும் போய்ச்சேரும். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதையாக அது முடியும் என்று தோன்றியதால், நஞ்சை விட்டு நாயை நாடினோம்.

நாங்கள் வாங்கியது, எலி பிடிப்பதற்கென்றே வளர்க்கப்பட்ட சிறிய நாயினமான ரேட் டெரியர் (ரேட் என்றால் எலி) இனத்துப் பெண்குட்டி. இடது கண்ணின் மேல் பழுப்பு வட்டம் இருந்ததால் பொட்டு என்று பெயர் வைத்தோம். 1910களிலும் 1920களிலும் அமெரிக்கப் பண்ணைகளில் மிகப் பரவலாக இருந்த இனம் இது. 1950களில் பண்ணைக்காரர்கள் எலிக்கு நஞ்சு வைக்கத் தொடங்கியதும் இதற்கு வேலை இல்லாமல் போய், எண்ணிக்கையும் சுருங்கியது. நாயினங்களைப் பதிவுசெய்யும் அமைப்பான அமெரிக்கன் கென்னல் கிளப் இதை டெரியர் பிரிவில் சேர்த்தது 2013இல்தான். நஞ்சு விரட்டிய நாயை நஞ்சுக்கு மாற்றாகத் திரும்பக் கொண்டுவருகிறோம் என்பதில் எனக்கு ஒரு சிறு திருப்தி உண்டு.

குட்டி வீட்டுக்கு வந்தபோது அதற்குப் பத்து வாரம். எப்போது எலியைக் காட்டுவது என்ற கேள்விக்கு நான் கேட்ட ஒவ்வொருவரும் வெவ்வேறு பதில் சொன்னார்கள். நாய் வளர்ப்பில் நீண்ட பழக்கம் உள்ள ஒருவர், மூன்று மாதத்திலேயே உயிருள்ள எலி ஒன்றைத் தொட்டியில் விட்டுக் குட்டியையும் உள்ளே இறக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் குணம் மழுங்கிவிடும் என்றார். அப்படிச் செய்யப்பட்ட ஒரு நாயை நான் நேரில் பார்த்திருக்கிறேன். மூக்கில் வாங்கிய ஒரே கடியின் நினைவில், இன்று நான்கு வயதிலும் வைக்கோலுக்குள் ஏதேனும் அசைந்தால் அது இரண்டு அடி பின்வாங்கி நின்று குரைக்கும். இந்தக் குழப்பத்தில்தான் எங்கள் வீட்டிலிருந்து முக்கால் மணி நேரத் தொலைவில் உள்ள ஒரு பயிற்சிக்கூடத்தின் அறிவிப்பைப் பார்த்துச் சேர்ந்தோம். அதன் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. இதேபோன்ற கூடங்கள் அமெரிக்காவில் பல இருப்பதால், எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது என்பதே வாசிப்பவருக்குப் பயன்படும்.

கூடம் கற்பிப்பது பார்ன் ஹன்ட் என்ற விளையாட்டு. தன்னுடைய மினியேச்சர் பின்ஷர் என்ற சிறிய இன நாய்க்கு, நிலத்தடிச் சுரங்கத்தில் நடக்கும் எர்த்டாக் போட்டிகளில் இடமில்லை என்பதால் ராபின் நட்டால் என்ற பெண்மணி தொடங்கிய இந்த விளையாட்டு, 2013 முதல் முறையான விதிகளுடன் நடந்துவருகிறது. வைக்கோல் கட்டுகளை அடுக்கிய களத்தில், காற்றுத்துளைகள் உள்ள தடித்த பி.வி.சி. குழாய்களை ஒளித்து வைப்பார்கள். சிலவற்றில் உயிருள்ள எலி இருக்கும். சிலவற்றில் எலி படுத்திருந்த மரச்சீவல் மட்டும் இருக்கும். சில வெறுமையாக இருக்கும். நாய் எலி இருக்கும் குழாயைக் காட்ட வேண்டும், அதைப் புரிந்துகொண்டு உரிமையாளர் உரக்கச் சொல்ல வேண்டும். எலிகள் வளர்ப்பெலிகள். அவற்றைக் கவனிப்பதற்கென்றே ஒருவர் இருப்பார்; அவை களைப்படையாமல் முறைவைத்து மாற்றுவார். எங்கள் கூடத்து எலிகளில் ஒன்று குழாய்க்குள் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்ததையும், வெளியே பொட்டு கத்திக்கொண்டிருந்ததையும் ஒரே நேரத்தில் பார்த்திருக்கிறேன்.

முதல் வகுப்பு குட்டிகளுக்கானது; ஆறு வாரம், வாரம் ஒரு மணி நேரம், கட்டணம் 170 டாலர். நாங்கள் சேர்ந்தபோது பொட்டுக்கு மூன்று மாதம் நிறைந்திருந்தது. எலி ஒன்றுகூட இந்த வகுப்பில் கிடையாது என்று முதல் நாளே பயிற்றுநர் சொன்னபோது பணத்தை வீணாக்கிவிட்டோமோ என்று நினைத்தேன். அவர் காரணம் சொன்ன விதம்தான் என்னை நிறுத்தியது. நாய்க்குட்டிக்கு 28 பால்பற்கள். நான்காம் மாதம் தொடங்கும்போது அவை விழத் தொடங்கி, ஏழாம் மாதத்துக்குள் 42 நிலைப்பற்களும் முளைத்துவிடும். இடைப்பட்ட காலத்தில் ஈறு வீங்கி வாய் வலிக்கும். பிடிப்பதற்கு வேண்டிய கோரைப்பல் ஆடிக்கொண்டிருக்கும், அல்லது பாதிதான் வளர்ந்திருக்கும். அந்த வாயோடு எலியைப் பிடித்தால் பிடி நழுவும், எலி திரும்பிக் கடிக்கும், குட்டி தோல்வியைக் கற்றுக்கொள்ளும். இந்தத் தொழிலில் குட்டியின் குணம் மழுங்குவது காத்திருப்பதால் அன்று, தோற்பதால்தான் என்று அவர் சொன்னார். மூக்கில் கடி வாங்கிய அந்த நாயை நினைத்துக்கொண்டு நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஆனால் அந்த ஆறு வாரங்களும் சும்மா கழியவில்லை. கூப்பிட்டால் வருவது, விடு என்றால் விடுவது, வைக்கோல் கட்டின் மேல் ஏறுவது, இருட்டான சுரங்கத்துக்குள் பதறாமல் நுழைந்து மறுபக்கம் வருவது ஆகியவற்றையே திரும்பத் திரும்பச் செய்வித்தார்கள். உயரத்திலிருந்து குதிக்க மட்டும் விடவில்லை. எலும்பு வளர்ந்துகொண்டிருக்கும் வயதில் அது கூடாது என்பதால் குட்டியை நாமே தூக்கி இறக்க வேண்டும். நான்காம் வாரம் எலிக்கூண்டிலிருந்து எடுத்த மரச்சீவலைக் குழாயில் அடைத்து வைத்தார்கள். அதுவரை வைக்கோலைக் கடித்து விளையாடிக்கொண்டிருந்த பொட்டு, காதை முன்னுக்குத் தள்ளிக்கொண்டு அந்தக் குழாயின் முன் உட்கார்ந்துவிட்டது. யாரும் சொல்லிக்கொடுக்காமல் அது செய்த அந்தக் காரியத்துக்குத்தான் 170 டாலரும் கொடுத்தேன் என்று வைத்துக்கொண்டாலும் எனக்கு வருத்தமில்லை.

இந்த வகுப்பின் மிகச் சிறந்த அறிவுரை கூடத்துக்கு வெளியே செய்ய வேண்டியது. எலியைத் துரத்தலாம் என்று நாய் கற்பதற்கு முன், கோழியைத் துரத்தக் கூடாது என்று அது கற்றிருக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் பின்னால் திருத்துவது மிகக் கடினம் என்றார்கள். ஆகவே நான்காம் மாதம் முதல் நாள்தோறும் காலையில் பொட்டுவைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு கோழிகளின் நடுவில் சும்மா உட்கார்ந்திருந்தேன். முதல் வாரம் அது நடுங்கியது, இரண்டாம் வாரம் கொட்டாவி விட்டது, மூன்றாம் வாரம் சேவல் ஒன்று அதன் வாலைக் கொத்தியதோடு கோழிகள் மீதான ஆர்வம் அதற்கு அற்றே போனது.

தடுப்பூசி விஷயத்திலும் கூடம் கண்டிப்பாக இருந்தது. நம் ஊரில் எலிக்காய்ச்சல் என்று சொல்லும் லெப்டோஸ்பைரோசிஸ், எலியின் சிறுநீர் கலந்த நீரிலிருந்தும் சேற்றிலிருந்தும் நாய்க்கும் மனிதருக்கும் தொற்றும். மூன்று மாதம் நிறைந்தபின் முதல் ஊசி, அதிலிருந்து இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் இரண்டாவது ஊசி, பிறகு ஆண்டுக்கு ஒன்று என்பது எங்கள் கால்நடை மருத்துவர் வகுத்த முறை. இரண்டாவது ஊசிச் சான்று இல்லாமல் எலி இருக்கும் வகுப்பில் சேர்ப்பதில்லை என்று கூடம் எழுதியே வைத்திருந்தது. எலி பிடிக்கும் நாய் வளர்க்கும் யாரும் இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

இரண்டாம் வகுப்பு ஏழாம் மாதத்தில், 190 டாலர் கட்டணத்தில். இடையில் பயிற்றுநரே பொட்டுவின் உதட்டை விலக்கிக் கோரைப்பற்களைப் பார்த்த பிறகுதான் பெயரை எழுதிக்கொண்டார். போட்டியில் நாய் சேர்வதற்குக் குறைந்தது ஆறு மாதம் ஆகியிருக்க வேண்டும் என்பது விளையாட்டின் விதி. இந்தக் கூடம் அதற்கும் மேலாகப் பல்லைப் பார்த்து முடிவுசெய்கிறது. முதல் வாரம் நுழைவுச் சோதனையைப் போல மூன்று குழாய்களைத் திறந்தவெளியில் வைத்து, ஒரு நிமிடத்துக்குள் எலி இருப்பதைக் காட்டச் சொன்னார்கள். பொட்டு மரச்சீவல் குழாயில் பத்து விநாடி நின்று, தலையைத் திருப்பி, அடுத்த குழாயைக் காலால் பிறாண்டியது. நான்தான் தவறினேன், பிறாண்டுவதைக் கண்டும் சந்தேகப்பட்டுக்கொண்டே நின்றதில் நேரம் கடந்துவிட்டது. அடுத்த ஐந்து வாரமும் நடந்தது பெரும்பாலும் எனக்கான பயிற்சி. வால் எப்போது விறைக்கிறது, மூச்சு எப்போது குட்டையாகிறது, வெறும் ஆர்வத்துக்கும் எலி இருக்கிறது என்ற உறுதிக்கும் என்ன வேறுபாடு என்று நாயின் உடலைப் படிக்கக் கற்றேன். சிறுவயதில் தஞ்சாவூர்ப் பக்கம் வரப்பு ஓரங்களில் எலி வளை வெட்டுகிறவர்கள், கூட வந்த நாட்டுநாயின் காதைப் பார்த்தே எந்த வளையில் மண்வெட்டி போடுவது என்று முடிவுசெய்ததைக் கண்டிருக்கிறேன். அவர்கள் 190 டாலர் கொடுக்கவில்லை என்பது வேறு விஷயம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு எட்டு நாய்கள் என்றால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது ஏழு நிமிடம். மற்ற நேரமெல்லாம் காரில் காத்திருக்க வேண்டும். கொட்டகையில் வெப்பமூட்டி இல்லை, குளிர்காலத்தில் கைவிரல் மரத்துப்போகும். வைக்கோல் தூசியில் எனக்கு இரண்டு நாள் இருமல் நின்றபாடில்லை. மூச்சுத்தொல்லை உள்ளவர்கள் முகக்கவசம் இல்லாமல் போக வேண்டாம். பனிப்பொழிவால் ஒரு வாரம் வர முடியாமல் போனதற்கு ஈடாக வேறு நாளும் தரவில்லை, பணமும் தரவில்லை. இவற்றைவிடப் பெரிய குறை, அறிவிப்பில் எலி பிடிக்கும் நாய் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பது. வகுப்பு கற்பிப்பது எலியைக் கண்டுபிடிக்க, பிடிக்க அன்று. குழாய் எலியைக் காப்பதற்காகவே இருக்கிறது. அது சரியான ஏற்பாடுதான், ஆனால் அதை முதலிலேயே தெளிவாகச் சொல்லியிருக்கலாம்.

பிடிப்பது தனியாக வர வேண்டும், வந்தது. 1823இல் லண்டனில் பில்லி என்ற நாய் ஐந்தரை நிமிடத்தில் நூறு எலிகளைக் கொன்றதாகச் சொல்லும் கதையை இந்த வட்டாரத்தில் யாராவது ஒருவர் எப்படியும் எடுத்துவிடுவார்கள். அது தப்பிக்க வழியில்லாத குழிக்குள் எலிகளைக் கொட்டிப் பந்தயம் கட்டிய கொடுமை. ஓர் எலிக்குக்கூட மோப்பம் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. பண்ணையில் பத்தில் ஒன்பது பங்கு வேலை தேடுவது. பொட்டுவின் ஒன்பதாம் மாதத்தில், அனுபவமுள்ள முதிய டெரியர் ஒன்றை வைத்திருக்கும் அண்டைப் பண்ணைக்காரரோடு அவருடைய எருக்குவியலைக் கிளறப் போனோம். முதல் இரண்டு எலிகளை முதிய நாய் பிடித்து, ஒரே உதறலில் முடித்துப் போட்டது. பொட்டு பார்த்துக்கொண்டு நின்றது. மூன்றாவது எலி அதன் பக்கம் ஓடியபோது கழுத்துக்குப் பின்னால் பிடித்து, அப்படியே உதறியது. கடி வாங்கவில்லை. நான் விடு என்றதும் விட்டது; மூன்று மாதக் குட்டியாக இருந்தபோது கற்ற பாடம் அது.

இந்தக் காத்திருப்பை மட்டும் நம்பி இருந்திருந்தால் கோழிக்கூண்டு அதற்குள் எலிகளின் ஊராகியிருக்கும். குட்டி வளரும் அந்த ஏழெட்டு மாதமும் தீவனத்தை மூடியுள்ள தகரப் பீப்பாயில் வைத்தோம், இரவில் தட்டுகளை எடுத்துவிட்டோம், கூண்டின் அடியில் அரை அங்குலக் கண் உள்ள கம்பிவலை பதித்தோம். ஏழு வளைகளில் ஐந்து அப்படியே கைவிடப்பட்டன. மீதி இரண்டைத்தான் பொட்டு பார்த்துக்கொண்டது. குட்டியை வாங்கினால் அந்தப் பருவத்திலேயே எலித்தொல்லை தீரும் என்று எண்ணுபவர்களுக்கு எந்த வகுப்பும் உதவாது.

இரண்டு வகுப்புகளில் ஒன்றுக்கு மட்டுமே பணம் இருந்தால் முதல் வகுப்பையே எடுங்கள் என்பேன். அந்த வயதில் கற்பவற்றைப் பின்னால் கற்பிப்பது கடினம். இரண்டாம் வகுப்பின் பாடங்களை, பல் முழுதாக முளைத்த நாயோடும் பொறுமையுள்ள அண்டை வீட்டாரோடும் ஓரளவு சொந்தமாகவே செய்துகொள்ளலாம். சேர்வதற்கு முன் கூடத்தில் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: எந்த வயதில் உயிருள்ள எலியைக் காட்டுவீர்கள், உங்கள் எலிகள் ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை மாற்றப்படும். முதல் கேள்விக்கு மூன்று மாதம் என்றோ, இரண்டாவதற்குச் சிரிப்போ பதிலாக வந்தால் குட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடலாம்.