பத்துப் பொருத்தத்தில் வயது இல்லை: ஒரு திருமணத் தகவல் சேவையில் என் அனுபவம்

எனக்கு 41, என் கணவருக்கு 34. போன தை மாதம் கல்யாணம் முடிந்தது. எங்களைச் சேர்த்து வைத்தது ஒரு திருமணத் தகவல் சேவைதான். ஆனால் அவர்களுடைய செயலியை மட்டும் நம்பியிருந்தால் நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தே இருக்க மாட்டோம். வயது கூடின பெண்கள் யாராவது வரன் பதிய நினைத்தால் இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

அப்பாவின் டயாலிசிஸ், தம்பியின் படிப்பு என்று வருஷங்கள் போய்விட்டன. அப்புறம் தம்பியே வற்புறுத்தி 3 மாதத்துக்கு 5,000 ரூபாய் கட்டிப் பதிந்தான். என் வயதைப் போட்டதும் மாப்பிள்ளை வயது 41 முதல் 50 என்று தானாகவே விழுந்தது. 41-க்குக் கீழே இறக்கப் பார்த்தால் நகரவே இல்லை. போன் பண்ணிக் கேட்டேன், "பொண்ணுங்களுக்கு அப்படித்தான் மேடம் வச்சிருக்கோம்" என்றார்கள். ஆண்களுக்கு இதற்கு நேர் எதிர், தன்னைவிட மூத்த பெண்ணைத் தேட வழியே கிடையாது. என் கணவரும் அதே செயலியில் ஒரு வருஷமாக இருந்திருக்கிறார், எனக்கு ஒருநாளும் காட்டவில்லை. இதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

இத்தனைக்கும் அதே செயலி ஜாதகப் பொருத்தம் பார்த்துத் தருகிறது. தினம், கணம், மகேந்திரம், ஸ்திரீ தீர்க்கம், யோனி, ராசி, ராசி அதிபதி, வசியம், ரஜ்ஜு, வேதை. இந்தப் பத்தில் வயது எங்கே இருக்கிறது? எங்கள் இருவருக்கும் பத்துக்கு எட்டு பொருந்தியது, பிற்பாடு ஜோசியரிடம் போனபோதுதான் தெரிந்தது.

காரியத்தை நடத்தியது பாளையங்கோட்டைக் கிளையில் இருக்கிற ஒரு அக்கா. கம்ப்யூட்டர் பக்கத்திலேயே ஒரு நீள நோட்டு வைத்திருப்பார், நேரில் வருகிறவர்கள் பேச்சோடு பேச்சாகச் சொல்வதை அதில் எழுதிக்கொள்வார். என் பெயருக்கு எதிரே பச்சை மையில் 'வயசு பார்க்க வேண்டாம், பொறுமையான ஆள் போதும்' என்று எழுதியிருந்தார். நாலு பெயர் தள்ளி அவர் பெயர், அதற்கு எதிரேயும் 'வயசு பார்க்க வேண்டாம்'. அந்தப் பக்கத்தை அக்கா என்னிடம் திருப்பிக் காட்டினார், இரண்டு வரிக்கும் நடுவே ஒரு கோடு இழுத்திருந்தது.

நெல்லையப்பர் கோயிலில் பார்த்தோம். அவர் நீட்டிய ஜாதக நகலைக் கையை எட்ட நீட்டி வைத்துப் படித்தேன், எனக்கு வெள்ளெழுத்து. அவர் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த வாரம் ஓட்டலில் உட்கார்ந்ததும், மேசையில் இருந்த பலகாரப் பட்டியலை மேலிருந்து கீழ்வரை சாதாரணமாக வாசித்துக் காட்டிவிட்டு, "என்ன சொல்லட்டும்?" என்றார். நான் வீட்டுக்கு வந்து தம்பியிடம் சரி என்று சொல்லிவிட்டேன்.

அவருடைய அம்மாவைச் சம்மதிக்க வைக்கத்தான் ஐந்து மாதம் ஆனது. அந்த அக்கா இரண்டு தடவை வீட்டுக்கே போய்ப் பேசினார், அதற்குத் தனிக் கட்டணம் ஒன்றும் வாங்கவில்லை. 1995-இல் கல்யாணம் நடந்தபோது சச்சினுக்கு 22, அஞ்சலிக்கு 27 என்றெல்லாம் எடுத்துச் சொல்லியிருக்கிறார். அத்தைக்கு அசல் கவலை குழந்தை பற்றித்தான், அது நியாயமான கவலை. "பொறந்தா சந்தோஷம், பொறக்கலைன்னாலும் நான் இவங்களைத்தான் கட்டிப்பேன்" என்று அவர் என் முன்னாலேயே சொன்னார். அத்தை எழுந்து உள்ளே போய்க் காபி போட்டுக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தார்.

முறைதான் முதலில் குழப்பமாக இருந்தது. அவருடைய அண்ணி எனக்கு முறைக்கு அக்கா, வயதில் என்னைவிட ஐந்து வருஷம் சின்னவள். இப்போது நான் அவளை அக்கா என்கிறேன், அவளும் என்னை அக்கா என்கிறாள். பதிவு அலுவலகத்தில் இந்தக் குழப்பம்கூட இல்லை. தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி 90 நாளுக்குள் பதிய வேண்டும், பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 முடிந்திருந்தால் போதும், யார் மூத்தவர் என்று யாரும் கேட்கவில்லை.

செயலிக்கு ஒரு நட்சத்திரம், கிளைக்கு ஐந்து. வயதுக் கட்டத்தைத் திறந்துவிடச் சொல்லி மூன்று முறை எழுதிவிட்டேன், இன்னும் பதில் இல்லை. எந்தச் சேவையாக இருந்தாலும் பணம் கட்டுமுன் உங்கள் வயதுக்குக் கீழே தேட முடிகிறதா என்று நகர்த்திப் பாருங்கள். முடியாவிட்டால் பக்கத்துக் கிளைக்கு நேரில் போய், உங்கள் மனதில் இருப்பதை வாய்விட்டுச் சொல்லி, அதை அவர்கள் எழுதிக்கொள்கிறார்களா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.